ஏழு மணி டைமிங் யாருக்கு?

வேலூர் பஸ் ஸ்டாண்டில் காலையில் பத்து நிமிடம் நின்றால் இந்தச் சண்டையைப் பார்த்துவிடலாம். முன்னால் நிற்கும் ஆரணி வண்டி நகரவில்லை. பின்வண்டி டிரைவர் ஹாரனில் கை வைத்தால் எடுப்பதில்லை. கண்டக்டர் இறங்கி டைம் கீப்பரிடம் ஓடுகிறார்: "அவன எடுக்கச் சொல்லுணா, ஏழு பத்து என்னுது!" மூன்று நிமிடத் தகராறுதான். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் ஏறும் கூட்டம்தான் அன்றைய கலெக்‌ஷன்.

விமான நிலையத்தில் விமானம் இறங்கவோ கிளம்பவோ ஒதுக்கும் இதே டைமிங்குக்கு ஸ்லாட் என்று பெயர். ஆஸ்பத்திரிப் பக்கம் டிக்கெட் போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். கொல்கத்தாவிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே: மதியத்துக்குள் சென்னையில் இறங்கி, இருட்டுவதற்குள் வேலூர் வந்துவிட வேண்டும். போன மாதம் ஒருவர் 2,000 ரூபாய் குறைகிறதே என்று நள்ளிரவில் இறங்கும் விமானத்தை எடுத்தார். மிச்சம் பிடித்த பணம் ராத்திரி டாக்ஸிக்கே போய்விட்டது. சக்கர நாற்காலியில் இருந்த அவருடைய அம்மா விடியும்வரை தூங்கவில்லை.

நல்ல நேரம் எல்லாருக்கும் வேண்டும், ஓடுபாதை கொஞ்சம்தான். சென்னையில் இரண்டு ஓடுபாதை உண்டு, ஆனால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. இரண்டையும் தனித்தனியாக ஓட்ட முடியாது. மும்பையிலும் இதே கதை. பெங்களூரில் 2019 டிசம்பரில் இணையான இரண்டாவது ஓடுபாதை வந்துவிட்டது. அதனால் அங்கே போகலாமே என்றால், நமக்கு அது 200 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஊரைத் தாண்டி அந்தப் பக்கம். சென்னை சுமார் 130 தான்.

சரி, இருக்கிற நேரத்தை யாருக்குக் கொடுப்பது? உலகில் பெரும்பாலும் நடப்பது பழைய பாத்தியதை. மார்ச் கடைசி ஞாயிறு ஒன்று, அக்டோபர் கடைசி ஞாயிறு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு பருவம் தொடங்கும். ஒரு பருவத்தில் கொடுத்த நேரத்தில் 80 சதவீதம் பறந்திருந்தால், அடுத்த வருடம் அதே பருவத்தில் அந்த நேரம் உங்களுக்கே. குளிர்காலப் பருவம் 21 வாரம் என்று வைத்துக்கொண்டால், திங்கள் காலை 7 மணி ஸ்லாட்டை 4 திங்கள் சும்மா விடலாம். ஐந்தாவதும் விட்டால் கை நழுவிவிடும். அந்தப் பயத்தில்தான் 2020 தொடக்கத்தில் கொரோனா நேரத்தில் ஐரோப்பாவில் ஆளில்லாத விமானங்கள் பறந்தன. மார்ச்சில் விதியையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இந்த முறையின் நன்மை, அட்டவணை நிலையாக இருப்பது: ஆறு மாதம் கழித்து ரீசெக்கப் வருகிறவருக்கு நான் இன்றே டிக்கெட் போட முடிகிறது. கெடுதல், புதிதாக வருகிறவனுக்கு மிச்சம் மீதிதான். காலியாகும் நேரத்தில் பாதி புதியவர்களுக்கு என்று விதி இருக்கிறது. ஆனால் காலை 7 மணி எங்கே காலியாகிறது? ஒரு கம்பெனி விழுந்தால்தான். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது மும்பை, டெல்லியில் அதன் நேரங்களை மற்றவர்களுக்குத் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

லண்டன் ஹீத்ரோவில் இந்தப் பாத்தியதையை விற்கலாம், வாங்கலாம். நம்மூரில் ஓட்டை வண்டியையும் நல்ல விலைக்கு வாங்குவார்களே, பர்மிட்டுக்காக, அந்த மாதிரி. அதே ஜெட் ஏர்வேஸ் 2013இல் அங்கே தன்னிடமிருந்த மூன்று ஜோடி நேரங்களை (இறங்க ஒன்று, கிளம்ப ஒன்று சேர்ந்தது ஒரு ஜோடி) அபுதாபியின் எதிஹாட் விமானக் கம்பெனிக்கு 7 கோடி டாலருக்கு விற்றது. 2016இல் ஓமன் ஏர் ஒரே ஒரு ஜோடிக்கு 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. நேரம் அதிகம் தேவைப்படுகிறவன் கைக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் முதலில் சும்மா கிடைத்த ஒன்றை விற்றுக் காசு பார்ப்பது எனக்கு உறுத்துகிறது. ஓடுபாதை போட்டவனுக்கு அதில் ஒரு பைசா இல்லை.

அப்படியானால் நேராக ஏலமே விடலாமே என்பார்கள் பொருளாதாரம் படித்தவர்கள். சீனா 2015 கடைசியில் குவாங்சோவில் விட்டுப் பார்த்தது. ஷாங்காயில் குலுக்கல் போட்டது. அமெரிக்கா 2008இல் நியூயார்க் நிலையங்களில் ஏலம் விடப் பார்த்தது, நீதிமன்றம் தடுத்தது, மறுவருடம் கைவிட்டார்கள். குலுக்கலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் விமானம் வாங்க மாட்டார்கள்.

ஏலத்தில் கணக்கு நேர்மையாக இருக்கும். ஆனால் அப்துல்லாபுரத்தை நினைத்தால் எனக்கு அது ஒத்துவரவில்லை. சிற்றூர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்துச் சீரமைத்த, அங்கே இருக்கும் நம்மூர் விமான தளத்தில் சிறிய விமானம்தான் இறங்க முடியும். 19 பேரோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ போனாலும் அங்கே அதற்கும் ஒரு முழு ஸ்லாட் வேண்டும். பெரிய விமானத்தின் பின்னால் இறங்கினால் காற்றுச் சுழல் அடங்கக் கூடுதல் இடைவெளியும் விட வேண்டும். 180 பேரை ஏற்றுகிறவனோடு ஏலம் கேட்டு இது எப்போது ஜெயிப்பது? உடான் தொடங்கிய புதிதிலேயே மும்பையில் சின்ன விமானங்களுக்கு நேரம் வாங்குவது பெரும் இழுபறியாக இருந்தது.

அதனால் என் ஓட்டு பழைய முறைக்குத்தான், இரண்டு திருத்தத்தோடு. 80 என்பதை 90 ஆக்கட்டும். அப்புறம், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று சிற்றூர் விமானங்களுக்கு எடுத்து வைக்கட்டும். தமிழ்நாட்டில் 1997இல் மினி பஸ் வந்தபோது, பஸ் போகாத ஊர்களுக்கென்று தனித் தடம் கொடுத்தார்கள். பெரிய பஸ் முதலாளியோடு மோதிப் பார் என்று சொல்லவில்லை. எடுத்து வைக்கும் நேரம் மட்டும் பகலில் இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணி ஸ்லாட்டைக் கொடுத்துவிட்டு ஒதுக்கீடு செய்தோம் என்றால், அதை வாங்கி நான் யாருக்கு டிக்கெட் போடுவது?