பாதி விலைப் புதுசா, கீறல் விழுந்த பழசா? இபே ஏலத்தில் கோல்ஃப் மட்டை வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

இபேயில் ஒரு டெய்லர்மேட் டிரைவரை (தூரம் அடிப்பதற்கான பெரிய தலை மட்டை) தேடினால் ஒரே மாடல் நாலு விதமாக வந்து நிற்கும். முதலாவது, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தம் புதியது, கடை விலையில் பாதி. இரண்டாவது, யாரோ ஒருவர் தன் வீட்டு கராஜில் வைத்துப் படம் எடுத்துப் போட்ட பழைய மட்டை: தலையில் ஒரு கீறல், கைப்பிடி உறையான கிரிப் தேய்ந்திருக்கும். மூன்றாவது, பழைய மட்டைகளை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட கடை போட்டது. நான்காவது, தயாரித்த நிறுவனமே திரும்ப வாங்கி, சோதித்து விற்பது. விலையைப் பார்த்தால் கை முதலாவதன் மேல்தான் போகும். போலி அதிகம் இருப்பதும் அங்கேதான்.

கீறல் விழுந்த இரண்டாவது, மினுமினுக்கும் முதலாவதைவிட நம்பத்தக்கது என்பது என் கணிப்பு. காரணம் விலை உருவாகும் விதத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய கோல்ஃப் நிறுவனங்கள், தங்களிடம் சரக்கு எடுக்கும் கடைகளுக்கு "இந்த விலைக்குக் கீழே விளம்பரம் செய்யக் கூடாது" என்று ஒரு வரம்பு வைத்திருக்கும். அதனால் அந்த வருடத்து மாடல் எந்தக் கடைக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே விலைதான். அடுத்த மாடல் வரும் நேரத்தில்தான் எல்லாக் கடையிலும் சேர்ந்தாற்போல விலை இறங்கும். 2022இல் டெய்லர்மேட் ஸ்டெல்த் டிரைவர் சுமார் 580 டாலருக்கு வந்தது. அது வந்த புதிதிலேயே ஒருவர் 250 டாலருக்கு, அதுவும் "இன்னும் 10 உள்ளன" என்று போட்டால், அந்தச் சரக்கு எந்த வழியில் அவரிடம் வந்திருக்க முடியும்? "பரிசாக வந்தது, என் ஸ்விங்குக்கு ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) ஒத்துவரவில்லை" என்ற கதை ஒரு மட்டைக்கு நடக்கக்கூடியதுதான். பத்து மட்டைக்கு நடக்காது.

மலிவாக இருப்பதெல்லாம் போலி என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு வருடம் முந்தைய மாடல் பாதி விலைக்கு வருவது இயல்பு. மாடல் எந்த வருடத்தது என்பதையும், பழசாக இப்போது என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதையும் முதலில் பாருங்கள். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கமான பிஜிஏவின் விலை வழிகாட்டி (வேல்யூ கைடு) இதற்கென்றே இருக்கிறது. இபேயிலேயே விற்று முடிந்த ஏலங்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தாலும் போதும். நீங்கள் பார்க்கும் விலை அதற்கும் வெகுவாகக் கீழே இருந்தால்தான் சந்தேகம்.

சரி, தனிநபர் விற்கும் பழைய மட்டை ஏன் மேல்? போலி செய்பவர்கள் சரக்கைப் புதிதாகத்தான் தள்ளிவிடுகிறார்கள். கீறலையும் தேய்மானத்தையும் செயற்கையாக உண்டாக்குவதில் அவர்களுக்கு லாபமில்லை. ஆனால் முழு நிம்மதி இங்கேயும் கிடையாது. ஏமாந்து வாங்கியவர், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு சீசன் ஆடிவிட்டு அதையே விற்கலாம். அதனால் விற்பவரின் பழைய கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். நூறு பாராட்டு இருக்கிறது என்பது போதாது, எதை விற்றுப் பெற்ற பாராட்டு என்பதுதான் கேள்வி. இரண்டு டாலர் போன் கவர் விற்றுச் சேர்த்த நற்பெயரோடு திடீரென்று ஸ்காட்டி கேமரன் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) விற்க வருபவரைத் தாண்டிப் போய்விடலாம்.

படம் கேட்பதும் நல்ல சோதனை. தலையும் ஷாஃப்ட்டும் சேரும் கழுத்துப் பகுதியான ஹோசல், அதிலுள்ள சீரியல் எண், ஷாஃப்ட்டில் ஒட்டியுள்ள பட்டை, அடிப்பாகம், பந்தில் படும் முகம் ஆகியவற்றைக் கிட்டத்தில் எடுத்து, பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய ஒரு தாளையும் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். மட்டை கையில் இருப்பவருக்கு ஐந்து நிமிட வேலை. நிறுவனத்தின் விளம்பரப் படத்தை மட்டும் போட்டுவிட்டு, கேட்டால் "100 சதவீதம் ஒரிஜினல்" என்று பதில் எழுதுபவரிடம் ஏலம் கேட்க வேண்டியதில்லை. ஒரிஜினல் விற்பவருக்கு அப்படி அடித்துச் சொல்லும் தேவை பெரும்பாலும் வருவதில்லை.

மூன்றாவது வகைக் கடைகளில் மினசோட்டாவின் டூ செகண்ட் ஸ்விங், வட கரோலினாவின் குளோபல் கோல்ஃப் போன்றவை பெயர் பெற்றவை. வாடிக்கையாளர் கொடுக்கும் பழைய மட்டைக்குக் காசு கொடுத்து வாங்கும் தொழில் இது. போலியை வாங்கினால் நஷ்டம் அவர்களுக்கே. அதனால் உங்களுக்கு முன்பே ஒரு பழகிய கண் அந்த மட்டையைப் பார்த்திருக்கும். நான்காவதில் தெளிவான உதாரணம் காலவே. 2004இல் ஃப்ராக்டிரேடர் என்ற இணைய நிறுவனத்தை வாங்கி, அதையே தன் பழைய மட்டை விற்பனைப் பிரிவாக மாற்றியது. செய்தவரே சோதித்து விற்பதால் போலி பற்றிய கவலை இங்கே எழுவதே இல்லை. விலை மட்டும் தனிநபரிடம் வாங்குவதைவிட ஒரு படி கூட இருக்கும். முதல் செட் வாங்குபவர் அந்தக் கூடுதலைக் கொடுத்துவிட்டுப் போவதே நல்லது. மட்டை பார்த்துப் பழகியவருக்கு மட்டும்தான் தனிநபர் ஏலத்தில் கிடைக்கும் மிச்சம் உண்மையான மிச்சம்.

போலியைத் தடுக்க வேண்டியது தளத்தின் பொறுப்பில்லையா என்று கேட்கலாம். அமெரிக்கச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. டிஃபனி நகை நிறுவனம் இபே மேல் தொடுத்த வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தளத்தில் போலிகள் உலவுகின்றன என்று பொதுவாகத் தெரிந்திருப்பது மட்டும் இபேயைப் பொறுப்பாளி ஆக்காது, குறிப்பிட்ட விற்பனை போலி என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதனால் தேடிப் பிடித்துப் புகார் செய்யும் வேலை பிராண்டுகளின் தலையில் இருக்கிறது. அவர்கள் புகார் கொடுப்பதற்கென்று இபே விரோ என்றொரு திட்டம் வைத்திருக்கிறது. டைட்டிலிஸ்ட்டின் தாய் நிறுவனமான அகுஷ்நெட், காலவே, பிங், டெய்லர்மேட், கிளீவ்லேண்ட் முதலியவை 2004 முதல் போலி ஒழிப்புக்கு ஒரு கூட்டுக் குழுவும் நடத்துகின்றன. ஒரு விளம்பரத்தை எடுத்தால் மறுநாள் வேறு பெயரில் அதே படம் வரும். ஆக, வடிகட்டும் வேலையில் கடைசிப் பங்கு வாங்குபவருக்குத்தான்.

பணம் திரும்புமா என்று பார்த்தால் இடத்துக்கு இடம் வித்தியாசம் பெரிது. இபேயின் பணத்திருப்ப உத்தரவாதத்தில், பொருள் சொன்னபடி இல்லை என்று கையில் கிடைத்த 30 நாளுக்குள் முறையிடலாம். பேபால் வழியே பொருளுக்காகச் செலுத்தியிருந்தால் 180 நாள் வரை அவகாசம். ஆனால் "நண்பருக்கு அனுப்புகிறேன்" என்ற பிரிவில் அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கட்டணம் மிச்சம் என்று சொல்லி விற்பவர் அப்படி அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் நேரில் போய் ரொக்கம் கொடுத்து வாங்கினால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆனால் மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்ற அனுகூலம் இபேயில் இல்லை. ஜப்பானின் யாஹூ ஏலத்தில் நல்ல பழைய மட்டைகள் வருவது உண்மை, ஆனால் இடைத்தரகர் வழியே வாங்கிக் கடல் தாண்டி வந்த பிறகு திருப்பி அனுப்புவது பெரும் தொல்லை. அதைப் பழகியவர்களுக்கு விட்டுவிடலாம்.

30 நாள் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. வட அமெரிக்காவில் குளிர்காலம் நெருங்கும்போது மட்டை விலை குறையும். நவம்பரில் வாங்கி, பெட்டியைக் கூடப் பிரிக்காமல் ஏப்ரல் வரை கராஜில் வைத்தால் கெடு எப்போதோ போயிருக்கும். பெட்டி வந்த அன்றே பிரித்துச் சோதித்துவிடுங்கள்.

சோதனைக்கு ஒரு காந்தமும் சமையலறை எலக்ட்ரானிக் தராசும் போதும். ஆனால் எந்த மட்டைக்கு எது செல்லும் என்பது வேறுபடும்.

டிரைவரில் காந்தம் நன்றாகப் பேசும். இன்றைய டிரைவர் தலைகள் பெரும்பாலும் டைட்டானியமும் கார்பனும் கலந்தவை. ஸ்டெல்த்தின் முகமே 60 அடுக்குக் கார்பன். இவை எதிலும் காந்தம் ஒட்டாது. முகத்திலோ தலையின் மேற்புறத்திலோ ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. அடிப்பக்கத்து எடைத் திருகுகளில் ஒட்டினால் மட்டும் பதற வேண்டாம், அவை வேறு உலோகமாக இருக்கலாம். எடையும் உதவும். விதிப்படி டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, எடையோ சுமார் 200 கிராம். ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியத்தின் எடை 4.5 கிராம், எஃகுக்கு 7.8. அதே அளவில் எஃகில் செய்தால் தலை கனக்கும், அல்லது சுவர் மெலிந்து சில வாரத்தில் முகம் உள்வாங்கும். அமெரிக்காவில் கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏ, தான் அங்கீகரித்த டிரைவர் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. தலையில் என்னென்ன எழுத்துகள் பொறித்திருக்கும் என்பதும் அதில் இருக்கும். ஏலப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அயர்ன் (எண் வரிசையில் வரும் உலோகத் தலை மட்டைகள்) செட்டில் காந்தத்தால் பயனில்லை. ஒரிஜினலிலும் பலது ஒட்டும், போலியிலும் ஒட்டும். இங்கே தராசுதான். ஒழுங்காகச் செய்த செட்டில் மட்டையின் எண் ஒவ்வொன்று கூடும்போதும் ஷாஃப்ட் அரை அங்குலம் குறையும், தலை ஏறத்தாழ 7 கிராம் கூடும். ஆகவே 5, 6, 7 என்று வரிசையாக நிறுத்தினால் மொத்த எடை சீராக ஏற வேண்டும். ஓரிடத்தில் 15 கிராம் குதித்து அடுத்ததில் குறைந்தால் அந்தச் செட் ஒரே கை செய்ததல்ல. வாங்குவதற்கு முன் படத்திலேயே பார்க்கக் கூடியது ஷாஃப்ட். டைனமிக் கோல்டு எஃகு ஷாஃப்ட்டில் படிப்படியாக வளையங்கள் இருக்கும். வழக்கமான புராஜெக்ட் எக்ஸ் எஃகு ஷாஃப்ட் படியில்லாமல் வழவழவென்று இருக்கும். மேலே ஒட்டிய பட்டை ஒன்று சொல்லி, ஷாஃப்ட் வேறொன்று காட்டினால் முடிவு தெரிந்துவிட்டது.

ஷாஃப்ட் தலைக்குள் இறங்கும் இடத்தில் உள்ள கறுப்பு வளையமான ஃபெரூலையும் பாருங்கள். இடைவெளியோ பசைக் கசிவோ இருந்தால் சந்தேகம் கூடும். ஆனால் பழைய மட்டைக்கு ஷாஃப்ட் மாற்றியவர் அரைகுறையாக ஒட்டியிருந்தாலும் அதே தோற்றம் வரும். பொறித்த எழுத்துக்குள் வண்ணம் வழிந்திருப்பதும் அப்படித்தான், சிலர் வீட்டிலேயே பூசிக்கொள்வார்கள். "மேட் இன் சைனா" என்ற எழுத்து எதையும் நிரூபிக்காது. ஒரிஜினல்களின் தலைகளிலும் பெரும்பங்கு சீனாவில் வார்க்கப்படுபவையே.

சீரியல் எண்ணில் பிங் தனி ரகம். ஒரு செட்டின் எல்லா அயர்ன்களிலும் ஒரே எண் இருக்கும். அந்த எண்ணை பிங் நிறுவனத்திடம் கொடுத்துக் கேட்டால், தலையின் சாய்வைக் குறிக்கும் நிறப் புள்ளி, நீளம், ஷாஃப்ட் என்று முதலில் எப்படிச் செய்து அனுப்பினார்கள் என்பதைச் சொல்வார்கள். கறுப்புப் புள்ளிதான் வழக்கமான சாய்வு. கையில் இருப்பது அதற்கு மாறாக இருந்தால் இடையில் என்ன நடந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். மற்ற பிராண்டுகளில் எண் இருப்பது மட்டும் நிம்மதி தராது. போலி செய்பவர்கள் ஒரே எண்ணை மொத்தச் சரக்கிலும் அடித்துவிடுவதுண்டு. வேறு ஏலங்களின் படத்திலும் அதே எண் தெரிந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பட்டரில்தான் மனம் தடுமாறும், அதிலும் ஸ்காட்டி கேமரனில். இவற்றில் பல 303 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து எடுத்தவை, அந்த ரகத்தில் காந்தம் பிடிக்காது. தலையில் பச்சக்கென்று ஒட்டினால் எச்சரிக்கை. ஆனால் 1990களின் சில மாடல்கள் கார்பன் ஸ்டீலில் வந்தவை, அவற்றில் ஒட்டுவதே சரி. ஒட்டவில்லை என்பதும் முழுச் சான்றல்ல, போலியையும் அதே எஃகில் செய்ய முடியும். தொழில்முறைப் போட்டித் தொடர்களில் ஆடும் டூர் வீரர்களுக்கென்று செய்த "சர்க்கிள் டி" முத்திரை பட்டர்கள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. காகிதச் சான்று இல்லாமல் தனிநபர் ஏலத்தில் அதைத் தொடவே வேண்டாம். குறுகிய தூர அடிகளுக்கான வெட்ஜ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆட ஆட முகம் தேய்வது என்பதால் அதைப் புதிதாகக் கடையில் வாங்குவதே லாபம்.

இடது கைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சின்ன ஆறுதல். சந்தை சிறியது என்பதால் போலி செய்பவர்கள் இடது கை மட்டைகள் பக்கம் குறைவாகவே வருகிறார்கள்.

அப்புறம், போலி என்று தெரிந்தால் செய்ய வேண்டியது. அதை வேறொருவருக்கு விற்று நஷ்டத்தை ஈடுகட்ட நினைக்காதீர்கள். தெரிந்தே போலி விற்பது அமெரிக்காவில் குற்றம். காந்தம் ஒட்டியதையும் தராசு காட்டியதையும் படம் எடுத்து, பொருள் சொன்னபடி இல்லை என்று இபேயிலேயே முறையீடு பதியுங்கள். அநேகமாக விற்பவர் தனிச் செய்தியில் வருவார்: "பாதிப் பணம் தருகிறேன், மட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்." அதற்கு ஒப்புக்கொண்டால் முறையீடு அதோடு முடிந்ததாகக் கணக்கு, மீதிப் பணத்துக்கு இபேயிடம் போக முடியாது. தளத்துக்கு வெளியே பேச அழைத்தாலும் போகாமல், முழுப் பணம் வரும்வரை முறையீட்டைத் திறந்தே வைத்திருங்கள்.