உள்நாட்டு ஃபெரைட் கோர் வாங்கலாமா? அம்பத்தூர் பட்டறையிலிருந்து

எல்இடி டிரைவருக்கும் சார்ஜருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுக்கும் பட்டறை எங்களுடையது. அதில் கம்பிச் சுருளுக்குள் மாட்டும் காந்தப் பீங்கான் துண்டுதான் ஃபெரைட் கோர். பல வருடமாக சீனா கோர்தான் ஓடியது. 2025 மார்ச்சில் சீனாவிலிருந்து வரும் சாஃப்ட் ஃபெரைட் கோருக்கு மத்திய அரசு ஆன்டி டம்பிங் வரி, அதாவது அநியாயத்துக்குக் குறைந்த விலையில் வந்து குவியும் இறக்குமதிக்கு எதிரான வரி, போட்டது. சிஐஎஃப் மதிப்பில், அதாவது சரக்கு விலையோடு இன்சூரன்ஸும் கப்பல் வாடகையும் சேர்ந்த மதிப்பில், அதிகபட்சம் 35 சதவீதம். அதற்கப்புறம் இந்தியத் தயாரிப்புக்கு மாறினோம். மாறலாமா என்று தொழிலில் இருக்கும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காக இது.

முதலில் சரக்கு. நாங்கள் அதிகம் எடுப்பது ஈஈ 25, கொஞ்சம் ஈடிடி 39; கோரின் வடிவத்தையும் அளவையும் சொல்லும் பெயர்கள் இவை. பெட்டியைப் பிரித்ததும் நான் பார்ப்பது இரண்டு பாதியும் ஒட்டுகிற முகத்தைத்தான். அங்கே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் இண்டக்டன்ஸ் (சுருள் காந்த ஆற்றலைத் தேக்கும் திறன்) இறங்கிவிடும். இந்தச் சரக்கில் முகம் சுத்தமாகப் பாலிஷ் ஆகியிருக்கிறது. பாபின் என்கிற பிளாஸ்டிக் சட்டத்தில் கம்பியைச் சுற்றி, கோரை மாட்டி, டேப் போட்டு, இண்டக்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் வைத்தால் ஒரே லாட்டில் (ஒரே தடவை தயாரான தொகுதியில்) ரீடிங் கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கிறது. கேப் (கோரின் நடுவில் வேண்டுமென்றே விடும் இடைவெளி) இல்லாத கோருக்கு 25 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை டேட்டாஷீட்டே அனுமதிக்கிறது. நாங்கள் முன்பு எடுத்த மலிவுச் சரக்கு அந்த அளவையும் தாண்டி ஆடும், சுற்றின பெண்களே மறுபடி பிரிக்க வேண்டிவரும். அந்த வேலை இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. முழு லோடில் சூடும் குறைவுதான்.

குறை பேக்கிங்கில். ஃபெரைட் பீங்கான் போல, தட்டினால் மூலை பெயர்ந்துவிடும். லாரியில் வந்த பெட்டிகளில் அடித்தட்டுக் கோர்கள் மூலை உடைந்து வந்தன. டீலர் மாற்றித் தந்தார், ஆனால் இழுத்தடித்துத்தான். கேப் வைத்த கோருக்குக் காத்திருப்பு இன்னும் அதிகம்.

விலைக்கு வருவோம். ஒரு லட்சம் ரூபாய் சரக்குக்கு உச்ச விகிதத்தில் 35,000 ரூபாய் இந்த வரி மட்டும். அடிப்படைச் சுங்கவரி தனி. எல்லாவற்றின் மேலும் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குக் கட்டும் ஜிஎஸ்டி. ஐஜிஎஸ்டி கிரெடிட்டாகத் திரும்பிவிடும், ஆன்டி டம்பிங் வரி திரும்பாது, அது அசலோடு சேர்ந்துவிடும். வேறு நாட்டு வழியாகக் கொண்டுவந்தாலும் தப்ப முடியாது. சரக்கு எங்கே உற்பத்தியானது என்பதுதான் கணக்கு. விகிதமும் உற்பத்தியாளரைப் பொறுத்து மாறும். பொதுவாக, வரி போடுவதற்கு முன் நடக்கும் அரசு விசாரணையில் தன் கணக்கைக் காட்டி ஒத்துழைக்கிற ஏற்றுமதியாளருக்குத் தனி விகிதம் கிடைக்கும். ஒதுங்கி நின்றவர் உச்ச விகிதத்தில் மாட்டுவார். அதனால் சீனா சரக்கு எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள், விற்கிற டிரேடரின் பெயரைப் பார்த்து விட்டுவிடாமல், எந்த ஃபேக்டரி என்று கேட்டு அரசின் வரி அறிவிக்கையில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் (ஏற்றுமதிப் பொருளுக்கான மூலப்பொருளை வரியில்லாமல் இறக்க அரசு தரும் அனுமதி) வாங்கிவிட்டால் கோருக்கு இந்த வரி இல்லாமலே இறக்கலாம். எங்களைப் போல உள்ளூருக்குக் கொடுப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது.

எனக்கு மனசு ஆறாத இடம் ஒன்று உண்டு. இந்த வரி கோருக்கு மட்டும்தான். அதே சீனா கோரை அங்கேயே சுற்றி, சார்ஜராக முடித்து இங்கே இறக்கினால் இந்த வரி தொடாது. விலை வீழ்ச்சியில் கோர் செய்யும் இந்தியத் தொழிற்சாலை மூடிவிடக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்தக் கோரை வாங்கிச் சுற்றுகிற கைகளும் இந்தியாவில்தான் இருக்கின்றன. எங்கள் பொருளின் விலை கூடினால் கஸ்டமர் முடிந்த சரக்கையே இறக்குமதி செய்துவிடுவார். அப்போது உள்நாட்டுக் கோரை வாங்க யார் இருப்பார்கள்? வரி பொதுவாக ஐந்து வருடத்துக்குப் போடப்படுவது, நீட்டிப்பதானால் மறு ஆய்வு வரும். அந்த நேரத்தில் சின்னப் பட்டறைகளும் டெல்லிக்குத் தங்கள் கணக்கை எழுதி அனுப்ப வேண்டும். சங்கம் வழியாக நாங்கள் அனுப்பத்தான் போகிறோம்.

சரி, வாங்கலாமா? ஈஈ வகை வழக்கமான அளவுகளைத் தயங்காமல் வாங்குங்கள், வரி இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் எடுப்பேன். கேப் வைத்தது வேண்டுமென்றால் ஸ்டாக் பாதி இருக்கும்போதே ஆர்டர் போடுங்கள். ஒரே லாட் நம்பரில் கேளுங்கள், இறக்கும்போதே அடித்தட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.