நடையா, யோகாவா, கும்மியா? குமரிப் பெண்களுக்கு எது ஒத்துவரும்

ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் கடைசியில். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் பல வீடுகளில் ஆளும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இறந்தவருக்கான பூசை கொடுப்பதா, இன்னும் காத்திருப்பதா என்று தவித்த மனைவிமார் எத்தனையோ பேர். அவர்களோடு, குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிபடுகிறவர்கள், கைவிடப்பட்டவர்கள், அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், நாள் முழுக்க உட்கார்ந்து கொட்டை உடைத்துத் தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் எனப் பலரையும் சேர்த்து ஒரு உடற்பயிற்சிக் குழு தொடங்கலாம் என்று பேச்சு வந்தால், உடனே மூன்று யோசனைகள் வரும்: காலை நடை, யோகா, கும்மி.

நடைக்குச் செலவில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி நடந்தால் ஐந்தே நாளில் முடிந்துவிடும். எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. சேர்ந்து நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்து கேட்டால் வாய் திறக்காதவர், பாதி தூரம் போனதும் தானாகவே சொல்லத் தொடங்குவார்.

ஆனால் நேரம்தான் இடிக்கிறது. விடியற்காலையில்தான் கரையில் மீன் ஏலம். மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டும் நேரமும் அதுதான். மீன் பெட்டியைச் சுமந்து தெருத்தெருவாக அலைந்து முட்டி தேய்ந்தவரைப் போய் நடக்கக் கூப்பிடுவதில் நியாயமில்லை. 2023 நவம்பரில் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை. நல்ல திட்டம்தான். ஆனால் ஒரே பாதை மேற்குக் கோடி நீரோடிக்காரருக்கும் கிழக்குக் கோடி ஆரல்வாய்மொழிக்காரருக்கும் எப்படிப் பக்கமாகும்? அதைவிடச் சிக்கல், வீட்டில் சந்தேகப்படுகிற கணவன். செருப்பை மாட்டியதுமே “யாரைப் பாக்கப் போற?” என்று கேட்பான். அந்தக் கேள்விக்கே பயந்து பலர் வரமாட்டார்கள்.

யோகாவின் பலம் அங்கேதான். அது நாலு சுவருக்குள் நடக்கிறது. சுய உதவிக் குழுக் கூட்டத்துக்குப் போகிறேன் என்றால் பெரும்பாலான வீடுகளில் தடை சொல்வதில்லை. அந்தக் கூட்டத்தோடு ஒட்டியே அரை மணி பயிற்சி வைத்துவிடலாம். முட்டி வலிக்காரருக்கு நாற்காலி போதும். இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் மனக்காயத்தால் நீண்ட நாள் பாதிக்கப்பட்டு, சிகிச்சைக்கும் சரியாகாத 64 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. 10 வாரம், வாரம் ஒரு மணி நேரம் யோகா செய்தவர்களில் பாதிப் பேர் அந்த நோய்க்கான அளவுகோலிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். யோகா செய்யாத குழுவில் ஐந்தில் ஒருவர்தான். அது வழக்கமான யோகா வகுப்பு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மனக்காயப்பட்டவர்களுக்கென்றே அமைத்தது.

அப்படியானால் நாமும் சிலவற்றை மாற்றியாக வேண்டும். அடி வாங்கிய உடம்பைக் கேட்காமல் தொடக் கூடாது. ‘கண்ணை மூடுங்க’ என்று கட்டாயப்படுத்தக் கூடாது. கண்ணை மூடினால் சிலருக்கு அந்த ராத்திரியே திரும்பி வரும். கதவு தாழிடாமல் இருக்கட்டும். கடற்கரை ஊர்களில் ஓம், சூரிய நமஸ்காரம் என்றதும் தயங்குகிற கத்தோலிக்கப் பெண்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தோடு வாதாட வேண்டாம், மூச்சுப் பயிற்சி, உடல் நீட்டல் என்று சொன்னாலே போதும். நடத்துகிறவர் கையில் இரண்டு எண்கள் இருக்கட்டும்: பெண்களுக்கான உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கு 14416. அடி வாங்குகிறவருக்குப் பயிற்சி மட்டும் தீர்வாகாது.

கும்மிக்கு வருகிறேன். மனசைக் கேட்டால் எனக்கு இதுதான் பிடித்தது. கைதட்டும் பாட்டும் சேரும்போது மூச்சு வாங்குவதே தெரியாது. யாரும் யாரையும் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை, தப்பினாலும் சிரிப்புதான். ஆனால் கணவனைப் பறிகொடுத்து வருடம் திரும்பாத பெண் வட்டத்தில் நின்று கைதட்டினால் ஊர் என்ன பேசும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பேச்சு தப்பு. தப்பென்றாலும், முதல் நாளிலேயே அதன் முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சிலம்பமும், வெறுங்கைச் சண்டைக் கலையான அடிமுறையும் நம் மண்ணின் கலைகள்தான், ஆனால் இளம்பெண்கள் நிறைய இருக்கிற குழுவுக்கே சரிவரும்.

ஒன்றைத்தான் தொடங்க முடியும் என்றால், கூட்ட நாள் மதியத்துக்கு மேல், மீன் விற்கப் போனவர்களும் திரும்பிய பிறகு, கூடத்துக்குள் மூச்சும் நீட்டலும் என்றுதான் சொல்வேன். முடிந்ததும் ஒரே தெருக்காரர்கள் கொஞ்சம் சுற்றுப்பாதையில் சேர்ந்து நடந்து வீடு போகட்டும். கும்மி கிறிஸ்துமஸுக்கோ ஓணத்துக்கோ வரட்டும், அவர்களே கேட்கும்போது.