நாலு கிளப், நாலு கல்லாப்பெட்டி: இத்தாலியக் கால்பந்தின் இன்னொரு புள்ளிப் பட்டியல்

2024 ஏப்ரல் 22. சான் சிரோ மைதானத்தில் மிலான் நகரத்து டெர்பி, அதாவது அந்த ஊரின் இரண்டு கிளப்புகள் மோதும் ஆட்டம். 18-ஆவது நிமிடத்தில் அசெர்பி தலையால் முட்டி ஒன்று, இடைவேளை முடிந்து வந்ததும் துராம் ஒன்று. ஏசி மிலான் கடைசியில் ஒரு கோல் திருப்பியும் 2-1 என்று இன்டர் ஜெயித்தது. அது இன்டருக்கு 20-ஆவது லீக் பட்டம். இத்தாலியில் பத்துப் பட்டத்துக்கு ஒரு நட்சத்திரம் சட்டையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது நட்சத்திரத்தை, கணக்குப்படி மிலானின் சொந்த மைதான ஆட்டமாக இருந்த இரவிலேயே தட்டிக்கொண்டு போனார்கள். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கடைசி நிமிடங்களில் சிவப்பு அட்டைகள் வரிசையாக வந்த ஆட்டம் அது.

சரியாக ஒரு மாதம் கழித்து, மே 22 அன்று, இன்டர் கிளப்பே கைமாறியது. யாரும் விற்கவில்லை. மூழ்கிப்போனது. அடகுக் கடையில் வைத்த நகையை மீட்காவிட்டால் நம் வீடுகளில் என்ன சொல்வோமோ, அதேதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே மைதானத்தில் ஆடும் பரம எதிரிக்கும் ஆறு வருடம் முன்பு இதே கதிதான். அதனால் இந்த இரண்டையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, யுவென்டஸுக்கும் நாப்போலிக்கும் அப்புறம் வரலாம்.

ஏசி மிலான் கதை முந்தையது. 1986-ல் வாங்கிய பெர்லுஸ்கோனி 31 வருடம் கழித்து, 2017 ஏப்ரலில், லி யோங்ஹொங் என்ற சீன முதலீட்டாளருக்கு 74 கோடி யூரோ மதிப்பில் விற்றார். வாங்கியவரிடம் முழுப் பணம் இல்லை. எலியட் என்ற அமெரிக்க நிதி நிறுவனத்திடம் சுமார் 30 கோடி கடன் வாங்கித்தான் பேரத்தை முடித்தார். மறு வருடமே எலியட் தன் கையிலிருந்து போட்ட 3.2 கோடியைக் குறித்த தேதிக்குள் திருப்பித் தர முடியவில்லை. 2018 ஜூலையில் கிளப் எலியட் கைக்குப் போய்விட்டது. 74 கோடி சொத்து 3.2 கோடிக்காகப் போனது!

இன்டர் அடகுக்குப் போனது வேறு வழியில். மொராட்டி குடும்பம் எண்ணெய் வியாபாரத்துப் பணத்தைச் சொந்தக் கையிலிருந்து கொட்டி 2010-ல் மூன்று கோப்பைகளை ஒரே சீசனில் பார்த்தது. அப்புறம் 2013-ல் இந்தோனேசியாவின் தோஹிர், 2016-ல் சீனாவின் சூனிங். சூனிங் ஆரம்பத்தில் நன்றாகத்தான் செலவழித்தது. பிறகு சீன அரசு வெளிநாட்டுக்குப் பணம் போவதை இறுக்கியது, கொரோனாவில் மைதானம் காலியானது. 2020-21 சீசனில் இன்டர் லீக்கை ஜெயித்தது; அதே சீசனின் நஷ்டம் சுமார் 24.5 கோடி யூரோ, அன்றைக்கு இத்தாலியில் எந்தக் கிளப்பும் காட்டாத தொகை. அந்த மே மாதம் ஓக்ட்ரீ என்ற நிறுவனத்திடம் 27.5 கோடி கடன், வட்டி 12 சதவீதம், தவணை மூன்று வருடம். கோடையில் பயிற்சியாளர் கோன்டே போய்விட்டார், ஹக்கிமியை பாரிஸ் (பிஎஸ்ஜி) கிளப்புக்கும் லுகாகுவைச் செல்சிக்கும் விற்றார்கள். லுகாகுவுக்கு மட்டும் 11 கோடிக்கு மேல் வந்தது. அதுவும் போதவில்லை. மூன்று வருடத்தில் வட்டியோடு சேர்ந்து கடன் 39.5 கோடியானது. மிச்சம் தெரிந்ததே.

ஒரே ஊர், ஒரே மைதானம், ஒரே மாதிரி அடகு. ஆனால் ரசிகனுக்கு நேர்ந்தது வேறு வேறு. இன்டரில் கோப்பைகள் முதலில் வந்தன, கடன்காரர் பிறகு வந்தார். மிலானில் கடன்காரர் முதலில் வந்தார், சிக்கனம் செய்தார், அதற்குப் பிறகு கோப்பை வந்தது. எலியட் வந்தபோது நிலைமை மோசம். பழைய நஷ்டங்களுக்காக 2019-20 யூரோபா லீக்கையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த சீசன் நஷ்டமும் 19 கோடிக்கு மேல். எனவே சம்பளத்தில் பிடிவாதமாக இருந்தார்கள். 2021 கோடையில் ஒப்பந்தம் முடிந்த கோல்கீப்பர் டொன்னாரும்மாவும் நடுக்கள வீரர் சால்ஹனோலுவும் கேட்டதைக் கொடுக்க மறுத்து, காலணா கிடைக்காமல் போகவிட்டார்கள். டொன்னாரும்மா பாரிஸ் போனார். சால்ஹனோலு எங்கே போனார்? ஊரைக்கூட விட்டுப் போகவில்லை, நேரே இன்டருக்கு!

அடுத்த பிப்ரவரி டெர்பியில் இன்டர் 1-0 என்று முன்னிலை. மிலான் பக்கம் எல்லாம் முடிந்தது என்று இருக்கும்போது, ஜிரூ மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டார். மே மாதத்தில் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் பட்டம் மிலானுக்கு. அந்த மூன்று நிமிடம் இல்லையென்றால் அந்தப் பட்டம் இன்டரிடம் போயிருக்கும். வயதாகிவிட்டதென்று செல்சி சொற்பக் காசுக்கு விட்ட ஆள் ஜிரூ. டொன்னாரும்மா இடத்தில் வந்த மெய்ன்யானும் லில்லிடமிருந்து மலிவாகக் கிடைத்தவர். சிக்கனம் பட்டம் வாங்கித் தந்தது என்று எல்லோரும் பாராட்டினார்கள். 2022 ஆகஸ்டில் ரெட்பேர்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு 120 கோடிக்கு விற்றுவிட்டு எலியட் லாபத்தோடு நடையைக் கட்டியது.

ரெட்பேர்டும் அதே சிக்கனத்தைப் பிடித்துக்கொண்டது. 2022-23-ல் மிலான் 2006-க்குப் பிறகு முதன்முறையாக லாபம் காட்டியது, சுமார் 60 லட்சம் யூரோ. ஆனால் 2023 ஜூனில் கிளப்பின் பழைய கேப்டன் மால்தினியை நிர்வாகத்திலிருந்து நீக்கினார்கள். சிறு வயதிலிருந்து மிலான் ரசிகரான, கிளப்பில் தங்குவதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்ட டொனாலியை நியூகாசிலுக்கு விற்றார்கள். 2024-25-ல் மீண்டும் லாபம், அணி எட்டாமிடம், ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லை. ஆடிட்டருக்குச் சந்தோஷம். ரசிகன் எதற்குக் கைதட்டுவான், ஐந்தொகைக்கா?

இன்டர் பக்கம் நடந்ததற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார்: ஜுசெப்பே மரோட்டா. இவருடைய வித்தை எளிது. ஒப்பந்தம் முடியும் ஆட்டக்காரனைப் பார்த்துவைத்துக் கிளப்புக்குக் காசு தராமல் கூட்டிவருவது. யுவென்டஸில் இருந்தபோது 2011-ல் மிலான் வேண்டாமென்று விட்ட பிர்லோவை இப்படித்தான் எடுத்தார். மறு வருடம் யுவென்டஸ் சாம்பியன். 2018-ல் இன்டருக்கு மாறினார். சால்ஹனோலு, மிகித்தார்யான், துராம் எல்லோரும் இந்த வகை. ஒனானாவை அயாக்ஸிலிருந்து சும்மா எடுத்து, ஒரே வருடத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு சுமார் 5 கோடிக்கு விற்றதை இன்றும் மற்ற நிர்வாகிகள் பெருமூச்சோடு பேசுவார்கள். உரிமையாளர் மாறினாலும் கடை நடத்துகிறவர் மாறவில்லை. அதனால்தான் நகை மூழ்கியும் அணி மூழ்கவில்லை. 2024-25-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பாரிஸிடம் 5-0 என்று அடி வாங்கினார்கள், லீக்கை ஒரே புள்ளியில் தவறவிட்டார்கள். ஆனால் அந்த வருடம் சுமார் 3.5 கோடி லாபம். என்னைக் கேட்டால் ஓக்ட்ரீயிடமிருந்து இன்டருக்குக் கிடைத்த பெரிய நன்மை, அது மரோட்டாவைத் தொந்தரவு செய்யாமல் விட்டதுதான்.

யுவென்டஸ் கதை இதற்கு நேர்மாறு. 1923 முதல் அக்னெல்லி குடும்பம். கேட்டால் கொடுக்கும் பணக்காரச் சித்தப்பா வீட்டில் இருப்பது மாதிரி. 2011-ல் சொந்த மைதானம் கட்டினார்கள். பழைய தெல்லே ஆல்பி பெரியது, ஆனால் சுற்றிலும் ஓட்டப்பாதை. ரசிகன் உட்காரும் இடத்திலிருந்து பந்து எறும்பு மாதிரி தெரியும். அதை இடித்துவிட்டு 41 ஆயிரம் இருக்கைகளோடு சின்னதாகக் கட்டினார்கள், வருமானம் ஏறியது. மற்ற பெரிய கிளப்புகள் நகராட்சிக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தபோது இது பெரிய பலம். 2012 முதல் 2020 வரை தொடர்ந்து ஒன்பது பட்டம்.

அப்புறம் ஆசை வந்தது. 2018-ல் 33 வயது ரொனால்டோவை 10 கோடிக்கு வாங்கி, வரி போக வருடத்துக்கு சுமார் 3 கோடி சம்பளம். சாம்பியன்ஸ் லீக்குக்காகத்தான் அந்தச் செலவு. மூன்று வருடத்தில் வெளியேற்றியவர்கள்: அயாக்ஸ், லியோன், போர்ட்டோ. மூன்றுமே யுவென்டஸைவிட மிகக் குறைந்த செலவில் ஓடும் அணிகள். கிளப்பின் நஷ்டம் 2020-21, 2021-22 இரண்டு வருடமும் 20 கோடியைத் தாண்டியது. 30 கோடி, 40 கோடி, 20 கோடி என்று ஐந்தே வருடத்தில் மூன்று முறை பங்குதாரர்களிடம் கையேந்தினார்கள்.

இங்கே ப்ளுஸ்வாலென்ஸா என்ற இத்தாலியச் சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஊர் டீக்கடைகளில் ஆஃப்சைடுக்கு அடுத்து அதிகம் புழங்கும் சொல் இதுவாகத்தான் இருக்கும். ஓர் ஆட்டக்காரரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் 5 கோடிக்கு வாங்கினால், கணக்கில் வருடத்துக்கு ஒரு கோடி வீதம் கழியும். மூன்று வருடம் கழித்துப் புத்தக மதிப்பு 2 கோடி. அவரை 4 கோடிக்கு விற்றால் 2 கோடி லாபம் என்று எழுதலாம். இப்போது இரண்டு கிளப்புகள் ஆளுக்கு ஒருவரை மாற்றிக்கொள்கின்றன என்று வையுங்கள். 2020-ல் யுவென்டஸ் பியானிச்சை 6 கோடிக்கு பார்சிலோனாவுக்குக் கொடுத்து, ஆர்தரை 7.2 கோடிக்கு எடுத்தது. நிஜத்தில் கைமாற வேண்டிய வித்தியாசம் 1.2 கோடிதான், ஆனால் இரண்டு கிளப்புகளின் ஏட்டிலும் பெரிய லாபம் வந்து உட்கார்ந்தது. மாற்றிக்கொள்வது குற்றமில்லை. விலை சரிதானா என்று யார் சொல்வது என்பதுதான் சிக்கல். இந்த வகை லாபங்களைப் பற்றிய விசாரணை முற்றி, 2022 நவம்பரில் தலைவர் ஆண்ட்ரியா அக்னெல்லியோடு இயக்குநர் குழு முழுவதும் ராஜினாமா செய்தது. 2023-ல் கால்பந்துக் கூட்டமைப்பு முதலில் 15, கடைசியில் 10 புள்ளி வெட்டியது. சித்தப்பா வீட்டில் இருக்கிறார் என்ற தைரியம்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்பது என் எண்ணம்.

இனி நாப்போலி. மரடோனா இரண்டு பட்டம் வாங்கித் தந்த கிளப் 2004-ல் திவாலானது. சினிமாத் தயாரிப்பாளர் அவுரேலியோ டெ லாரென்டிஸ் வாங்கி, மூன்றாம் டிவிஷனிலிருந்து ஆரம்பித்தார். அந்த டிவிஷன் ஆட்டத்துக்கே 50 ஆயிரம் பேர் வந்த ஊர் அது. இவர் வங்கிக் கடன் பக்கம் போவதில்லை. சம்பளத்துக்கு வரம்பு, ஆட்டக்காரர்களின் விளம்பர உரிமைகூட கிளப்புக்கே. படத்துக்கு பட்ஜெட் போடுகிற மாதிரி அணிக்குப் போடுகிறார். ரசிகர்கள் பல வருடம் இவரைக் கஞ்சன் என்று திட்டிப் பதாகை பிடித்தார்கள்.

திட்டியதற்குக் காரணமும் உண்டு. 2015-16-ல் 36 கோல் அடித்த இகுவாயினை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்த 9 கோடி விடுவிப்புத் தொகையைக் கட்டி யுவென்டஸ் தூக்கிக்கொண்டு போனது. நாப்போலியின் ஊரான நேப்பிள்ஸ் தெருக்களில் அவர் சட்டையை எரித்தார்கள். இப்போது அந்த 9 கோடியைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். யுவென்டஸ் இரண்டு வருடத்தில் அவரை இரவல் கொடுக்கத் தொடங்கியது. 2020-ல் ஒப்பந்தத்தை முறித்து இலவசமாக அனுப்பியது. நாப்போலியோ இகுவாயின் போன அந்த 2016 கோடையிலேயே மிலிக்கையும், உதினேசேயிடமிருந்து ஜெலின்ஸ்கி என்ற இளைஞனையும் வாங்கியது. ஜெலின்ஸ்கி ஏழு வருடம் காத்திருந்து 2023-ல் பட்டம் பார்த்தார். நடுவில் 2018-ல் நாப்போலி யுவென்டஸின் ஊரான டூரினுக்கே போய், கூலிபாலியின் 90-ஆவது நிமிடத் தலைமுட்டில் ஜெயித்து, 91 புள்ளி எடுத்தும் இரண்டாமிடம்தான். அந்த வருடம் பணம் ஜெயித்தது என்றே நானும் சொல்வேன்.

2023-ல் ஜெயித்த அணியில் க்வாரட்ஸ்கேலியா பட்டூமி என்ற ஜார்ஜியக் கிளப்பிலிருந்து சுமார் ஒரு கோடிக்கு வந்தவர். அவரை 2025 ஜனவரியில் பாரிஸ் 7 கோடிக்கு வாங்கியது. இதில் கசப்பான பக்கமும் இருக்கிறது. பட்டம் வென்ற கோடையில் பயிற்சியாளர் ஸ்பலெட்டி போனார், கிம் மின்-ஜே போனார், ஆள் பிடிக்கும் ஜுன்டோலி யுவென்டஸுக்கே போனார். டெ லாரென்டிஸ் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார் போல. அடுத்த சீசனில் மூன்று பயிற்சியாளர்கள், பத்தாமிடம்.

ஆனால் அடுத்து நடந்ததுதான் மற்ற மூவருக்கும் முடியாத காரியம். 2024 கோடையில் ஐரோப்பியப் போட்டி இல்லை, முன்கள வீரர் ஒசிமென் விற்பனையாகாமல் இரவலில் போனார். ஆனாலும் கோன்டேவைக் கூட்டிவந்து, புவோன்ஜோர்னோ, லுகாகு, மெக்டோமினே என்று வரிசையாக வாங்கினார். சேர்த்துவைத்த காசு. மே மாதம் காலியாரியை 2-0 என்று ஜெயித்து, மெக்டோமினே ஒரு கோல், லுகாகு ஒரு கோல், இன்டரைவிட ஒரு புள்ளி மேலே சாம்பியன். இன்டர் நஷ்டத்தைச் சமாளிக்க விற்ற லுகாகுதான் அந்த இரண்டாவது கோலை அடித்தவர்.

யாராவது என்னிடம் ஒரு கிளப்பைக் கொடுத்து எந்த வழியில் நடத்துவாய் என்றால், டெ லாரென்டிஸின் கல்லாப்பெட்டியை எடுத்துக்கொண்டு சாவியை மரோட்டாவிடம் கொடுப்பேன். நாப்போலிக்கு இன்னும் சொந்த மைதானம் இல்லை, அதுதான் அங்கே பெரிய ஓட்டை.

அதே ஓட்டையை அடைக்கத்தான் மிலான் நகரத்து எதிரிகள் இருவரும் கைகோத்திருக்கிறார்கள். சான் சிரோவை நகராட்சியிடமிருந்து 19.7 கோடிக்குச் சேர்ந்தே வாங்கி, பக்கத்தில் 71,500 பேர் உட்காரும் புது மைதானம் கட்டத் திட்டம். மைதானத்தின் இரண்டாம் அடுக்குக்கு 2025 நவம்பர் 10-ல் 70 வயது ஆகவிருந்தது. அந்த நாள் தாண்டினால் அது பாரம்பரியச் சின்னமாகி, பழைய மைதானத்தை யாரும் இடிக்க முடியாது. பத்திரம் நவம்பர் 5-ல் பதிவானது.