வீடு பார்க்க ஆள் வருது: நாமே காட்டுவதா, புரோக்கரா, சாவியைக் கொடுப்பதா?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டை விற்க நினைத்தால், வருகிறவர்களுக்குக் காட்ட மூன்று வழி இருக்கிறது. இணையத்தில் விளம்பரம் போட்டு நாமே காட்டலாம், ஊர்ப் புரோக்கரிடம் விடலாம், இல்லையென்றால் சாவியை யாரிடமாவது கொடுத்துக் காட்டச் சொல்லலாம். கமிஷனைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். முன்பின் தெரியாத நாலு பேர் படுக்கையறை வரை வந்து போவதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதனால் பாதுகாப்பை மட்டும் வைத்து மூன்றையும் பார்ப்போம்.

நாமே காட்டினால் கமிஷன் மிச்சம். போர் எத்தனை அடி, சிறுவாணித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதையெல்லாம் நம்மைப் போல வேறு யாரும் சொல்ல முடியாது. ஆனால் நம் போன் நம்பர் ஊருக்கே தெரிந்துவிடும், கூப்பிடுகிறவர் யார் என்று சலித்தெடுப்பதும் நம் தலையில்தான். இதற்கு நம்ம பக்கம் ஒரு வசதி உண்டு. "எந்த ஊருங்க, இப்ப எங்க குடியிருக்கீங்க?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நாலு வார்த்தை பேசுவதற்குள் இரு பக்கமும் தெரிந்த ஆள் ஒருவர் கிடைத்துவிடுவார். அவருக்கு ஒரு போன் போட்டு விசாரித்துவிட்டு வரச் சொல்லலாம். (சாதி தெரிந்துகொள்வதற்காக ஊர் கேட்கிறவர்களும் உண்டு. நான் சொல்வது அதை அல்ல.) ஊரும் சொல்லாமல், வீட்டையும் பார்க்காமல், "மிலிட்டரியில இருக்கேன், அட்வான்ஸ் போடறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒருவர் அவசரப்படுத்தினால் அங்கேயே போனை வைத்துவிடலாம். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பர் போட வேண்டிய வேலையே இல்லை.

நேரில் காட்டும்போது சிக்கல் வேறு மாதிரி. வாங்க வருகிறவர் தனியாக வருவதில்லை, வாஸ்து பார்க்கிறவரும் கூட வருவார். அவர் திசைகாட்டியோடு ஈசானிய மூலையில் நின்று நம்மிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார். வாங்க வந்தவரின் வீட்டம்மா சமையலறைக்குள் போயிருப்பார், கூட வந்த தம்பி மாடியில் இருப்பார். நம் வீடுகளில் பீரோ சாவி பீரோவிலேயே தொங்கும், இல்லையென்றால் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். வந்தவர்கள் எல்லாரும் யோக்கியர்களாகவே இருக்கலாம், ஆனாலும் ஒரே ஆள் மூன்று இடத்தில் நிற்க முடியாது. முன்னால் நடந்து காட்ட ஒருவர், எல்லாருக்கும் பின்னால் வர ஒருவர் என்று வீட்டில் இரண்டு பேர் இருந்தால்தான் இந்த வழி சரிப்படும். நகையை விளம்பரம் போடுவதற்கு முன்பே பேங்க் லாக்கருக்கு அனுப்பிவிட வேண்டும்.

பத்திர ஜெராக்ஸை முதல் தடவையே கேட்பார்கள். கொடுக்க வேண்டாம். சர்வே நம்பரும் பத்திர எண்ணும் போதும், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை அவர்களே இலவசமாகப் பார்த்துக்கொள்வார்கள். விலை பேசி முடிந்த பிறகு நகல் தரலாம்.

புரோக்கருக்கு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று போகும். பாதுகாப்புக் கணக்கில் அது வீண் செலவு இல்லை. நாளைக்கும் அதே டீக்கடையில் உட்கார்ந்து தொழில் பண்ண வேண்டியவர், கண்டவர்களையும் கூட்டிவரத் தயங்குவார். ஆனால் நம்ம புரோக்கர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி மூன்றாமவர் என்று பார்ட்டி கை மாறி வந்தால் இந்த லாபம் போய்விடும். "பார்ட்டியை உங்களுக்கு நேரில் தெரியுங்களா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்கிறதா என்று பார்ப்பதில் இங்கே பெரிய பயனில்லை. 2016 சட்டம் முகவர் பதிவைக் கேட்பது பதிவு செய்யப்பட்ட திட்டங்களை விற்பதற்குத்தான். பழைய வீட்டைக் கை மாற்றிவிடும் ஊர்ப் புரோக்கர் பெரும்பாலும் அதற்குள் வர மாட்டார்.

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் வீட்டில், பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால் நாமே காட்டும் வழியை நான் யோசிக்கவே மாட்டேன். 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேரும், 2025இல் ஈரோடு மாவட்டச் சிவகிரி அருகே ஒரு வயதான தம்பதியும் கொல்லப்பட்டதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அவை வீடு பார்க்க வந்தவர்கள் செய்ததாக வந்த செய்திகள் அல்ல. ஆனாலும் வீட்டில் எத்தனை பேர், நாய் கட்டியிருக்கிறதா, பக்கத்துத் தோட்டம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அங்கே தெரிந்த புரோக்கர், பகல் வெளிச்சம், மச்சானோ மாமனோ சொந்தத்தில் ஒருவர் கூட இருப்பது, இந்த மூன்றும் கட்டாயம். அப்பச்சியின் போனில் காவல் உதவி செயலியைப் போட்டுக் கொடுங்கள், அவசர உதவி எண் 112ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

சாவி கொடுத்துக் காட்டுவது குடியிருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது. பூட்டிக் கிடக்கும் வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் வேறு வழியிருக்காது. சாமான் இல்லாத வீட்டில் என்ன போய்விடும் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் போகும், குழாய் போகும், ஒயரை உருவிக்கொண்டு போவார்கள். அதைவிட மோசம், கையில் சாவி இருப்பவர் தன்னை ஓனர் என்று சொல்லி வேறு யாரிடமாவது போக்கியத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிடுவது. அதனால் சாவி புரோக்கரிடம் இல்லாமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கட்டும். அவர் வந்து திறந்துவிட்டு, வீடியோ காலில் உங்களையும் சேர்த்துக்கொண்டு சுற்றிக் காட்டிவிட்டு, அவரே பூட்டட்டும். "வீடு வாடகைக்கோ போக்கியத்துக்கோ இல்லை" என்று கேட்டில் ஓனரின் போன் நம்பரோடு ஒரு போர்டு மாட்டிவிடுங்கள்.