அனுமதி கொடுத்தும் தடுக்கும் ஃபயர்வால்: ஒரு கணக்கு அலுவலகத்தின் நீண்டநாள் அனுபவம்

ஆன்டிவைரஸோடு சேர்த்து வாங்கிய ஃபயர்வால் (கணினிக்கு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதித்து விடும் காவல் மென்பொருள்) ஒன்றைப் பல வருடம் அலுவலகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். பெயரைச் சொல்லவில்லை. இந்தத் தொல்லை அந்த ஒன்றோடு நிற்பதில்லை. நாலைந்து கணினிகளை லேனில் (அலுவலகத்துக்குள்ளான நெட்வொர்க்கில்) இணைத்து டேலி என்ற கணக்கு மென்பொருளை ஓட்டும் யாருக்கும் வரலாம்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கும் மண்டிகளுக்கும் கணக்கெழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்வது எங்கள் வேலை. டேலி லைசென்ஸும் டேட்டாவும் ஒரே கணினியில் இருக்கும். மற்றவை லேன் வழியாக அதைத் தொட்டு வேலை செய்யும். பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் பில்கள் கட்டுக்கட்டாக வரும். 11ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டும் 3பி ரிட்டர்ன். அந்த நாட்களில் கணினி நின்றால் தாமதக் கட்டணம் வாடிக்கையாளர் தலையில் விழும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸின் சொந்த ஃபயர்வால், நாம் எதுவும் மாற்றாதவரை, வெளியிலிருந்து வருவதைத்தான் தடுக்கும். உள்ளிருந்து போவதை விட்டுவிடும். நாங்கள் வாங்கியது வெளியே போவதையும் கேட்டுத்தான் விட்டது. வாடிக்கையாளர்களின் பென்டிரைவ்கள் வந்துபோகும் இடத்தில் அது பெரிய தைரியம்.

தொல்லை வேறு பக்கம் இருந்து வந்தது. "அக்கா, டேலி எஜுகேஷன் மோடுக்குப் போயிடுச்சு" என்று உதவியாளர் கூப்பிடுவார். லைசென்ஸ் இருக்கும் கணினியை எட்ட முடியாதபோது டேலி இந்தப் பயிற்சி மோடுக்கு இறங்கிவிடும். அந்த மோடில் 1, 2 போன்ற ஒருசில தேதிகள் தவிர வேறு தேதியில் வவுச்சர் போட முடியாது. ஃபயர்வால் பட்டியலைத் திறந்தால் டேலிக்கு எதிரே 'அனுமதி' என்றே இருக்கும். எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகும். அடுத்த அப்டேட் வந்ததும் பழைய கதை.

காரணம் பிறகு புரிந்தது. அந்த ஃபயர்வால் புரோகிராமைப் பெயரால் அல்ல, ஃபைலின் ஹாஷ் மதிப்பால் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) அடையாளம் வைத்திருந்தது. டேலி புது ரிலீஸுக்கு மாறினால் ஃபைல் மாறும், ஹாஷும் மாறும். ரேஷன் கார்டில் பெயர் இருந்தும் கைரேகை ஒத்துப்போகாமல் திரும்பி வருவதைப் போலத்தான். ஹாஷுக்குப் பதில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பத்தை நம்பும்படி அமைப்பை மாற்றியதும் இந்த ஒரு வகைத் தடை நின்றது.

ஆனாலும் சில நாள் டேலி நின்றது. வேறு ஃபயர்வால் போட்டால் பொதுவாக விண்டோஸ் தன்னுடையதை ஒதுக்கிக்கொள்ளும். டேலி லைசென்ஸும் டேட்டாவும் இருக்கும் எங்கள் சர்வர் கணினியில் இரண்டுமே ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று விட்டாலும் இன்னொன்று மறித்தால் மறித்ததுதான். விண்டோஸ் ஃபயர்வாலின் 'அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' சாளரத்தில் இன்பவுண்ட் ரூல்ஸை (உள்ளே வருவதற்கான விதிகளை) பார்த்தபோது, டேலி பெயரில் பச்சைக் குறியோடு அனுமதி விதியும் சிவப்புக் குறியோடு தடை விதியும் இருந்தன. முதல் தடவை விண்டோஸ் கேட்கும் பெட்டியில் யாராவது கேன்சல் அழுத்தினால், அல்லது அட்மின் அல்லாத கணக்கில் ஓட்டினால், அது தானே தடை விதி எழுதிவிடும். இரண்டும் மோதினால் தடைதான் வெல்லும். எத்தனை அனுமதி சேர்த்தாலும் பயனில்லை. சிவப்பை அழிக்க வேண்டும்.

பிராட்பேண்ட் மாற்றிப் புது ரவுட்டர் வந்தபோது இன்னொன்று. விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்து 'பப்ளிக்' (நம்பக்கூடாத பொது இடம்) என்று வைத்துவிட்டது. எங்கள் விதிகளோ 'பிரைவேட்'டுக்கு மட்டும் எழுதியவை. அதை பிரைவேட் ஆக்கியதும் தீர்ந்தது.

ரிட்டர்னில் கையொப்பமிட யூஎஸ்பியில் செருகும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் விஷயமும் உண்டு. பிரவுசர், அதே கணினிக்குள் ஓடும் சின்னப் புரோகிராமோடு 127.0.0.1 என்ற, கணினி தன்னையே குறிக்கும் முகவரி வழியாகப் பேசும். இந்த உள்பேச்சையே அந்த ஃபயர்வால் சந்தேகப்பட்டது. கையொப்பப் புரோகிராமுக்குத் தனி அனுமதி எழுதியதும் சரி.

இதையெல்லாம் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது, லாக் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால் தான் தடுத்ததைத் தானாகக் குறித்து வைக்காது. பப்ளிக், பிரைவேட் என்ற ஒவ்வொரு புரொஃபைலின் பண்புகளிலும் லாகிங் பகுதிக்குப் போய், கைவிட்ட பாக்கெட்டுகளை (தடுத்த தகவல் துண்டுகளை) பதிவு செய் என்று மாற்ற வேண்டும். லாக்கின் அளவு 4,096 கேபி என்றிருக்கும், கூட்டிக்கொள்ளலாம். அப்புறம் டேலியைத் திறந்து, அது தடைபட்டு நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நிமிடத்தின் வரிகளில் 'டிராப்' எங்கே என்று பாருங்கள். 9999 என்ற போர்ட் (புரோகிராம் பேசும் வாசல் எண்) வந்தால் லைசென்ஸ் பக்கம் தடை. 445 வந்தால் டேட்டா வைத்திருக்கும் ஷேர் ஃபோல்டர் பக்கம். ஒன்றுமே இல்லையென்றால் தடுப்பது மற்ற ஃபயர்வால். அதன் லாக் தனியாக இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

சர்வீஸுக்கு வருகிறவர்கள் "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க மேடம், எல்லாம் ஓடும்" என்பார்கள். ஓடும்தான். ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் இதே 445 வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. நம் டேலி டேட்டா போகிற அதே வழி. அதனால் 445க்கு அனுமதி எழுதும்போது யாரிடமிருந்து வரலாம் என்று சொல்லும் ஸ்கோப் பகுதியில் 'லோக்கல் சப்நெட்' என்று மட்டும் வையுங்கள். அலுவலக லேனுக்குத் திறந்திருக்கும், வெளிக்கு மூடியிருக்கும். ஊர் மக்களின் பான், வங்கி விவரமெல்லாம் நம் கணினியில் கிடக்கிறது. அரை மணி நேர அவசரத்துக்காக அதைத் திறந்து போட நமக்கு உரிமை இல்லை.

கடைசியாக அந்த ஃபயர்வாலின் லைசென்ஸ் முடிந்தபோது நாங்கள் புதுப்பிக்கவில்லை. விண்டோஸ் ஃபயர்வாலையே எல்லாக் கணினியிலும் வைத்து, ஆன்டிவைரஸை மட்டும் தனியாக வைத்துக்கொண்டோம். பழையதை நீக்கிய பிறகும் ஒரு கணினியில் தடை தொடர்ந்தது. பழைய ஃபயர்வாலின் நெட்வொர்க் டிரைவர் உள்ளே தங்கியிருந்ததுதான் காரணம். தயாரிப்பாளரே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் போனது. வெளியே போவதைக் கேட்டு விடும் வசதி இப்போது இல்லை என்பது எனக்குக் குறைதான். அதற்காகப் பென்டிரைவ்களை ஒரே கணினியில் ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுகிறோம். சரியாக ஓடும் விதிகளை எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஃபைலாக வைத்திருக்கிறேன். டேலி அப்டேட் போடும் நாளை மட்டும் 20ஆம் தேதி தாண்டித்தான் வைத்துக்கொள்கிறோம்.