இடப்பக்க முகத் துடிப்பும் போடாக்ஸ் ஊசியும்: ஒரு நீண்டகால அனுபவம்

என் முகத்தின் இடப்பாதி தானாகத் துடிக்கும். மருத்துவர்கள் இதை ஹெமிஃபேஷியல் ஸ்பாஸம் என்கிறார்கள். இதற்காகப் பல ஆண்டுகளாக போடாக்ஸ் ஊசி போட்டு வருகிறேன். சுருக்கம் மறைய நடிகைகள் போட்டுக்கொள்வதாகப் பேசப்படும் அதே ஊசிதான். பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உண்டு, ஆனால் நோய் குணமாகாது. அதோடு, மருந்து எவ்வளவு முக்கியமோ, போடுபவரின் கைப்பழக்கமும் அவ்வளவு முக்கியம்.

தொடக்கத்தில் கீழிமை மட்டும்தான் துடித்தது. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்லது நடக்கும் என்று மாமியார் மகிழ்ந்தார். நல்லது வருவதற்குள் துடிப்பு கன்னத்துக்கு இறங்கி, வாயோரத்தைக் காதுப்பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டது. இழுக்கும்போது கண்ணும் மூடிக்கொள்ளும். வலி துளியும் கிடையாது. வலி இருந்திருந்தால் கொஞ்சம் அனுதாபமாவது கிடைத்திருக்கும். நான் வங்கியில் காசாளர். பணம் வாங்க வந்த ஆணைப் பார்த்துக் கவுன்ட்டரில் இருக்கும் பெண் கண்ணடித்தால் அவர் என்ன நினைப்பார்? ஒருவர் பல்லைக் காட்டினார். இன்னொருவர் நேராக மேலாளர் அறைக்குப் போனார். வேலை நெருக்கும் மாதக் கடைசியில் துடிப்பு கூடும். தூக்கத்திலும் அது நிற்பதில்லை என்பது கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதலில் பார்த்த கண் மருத்துவர் கண் வறட்சி என்று சொட்டு மருந்து எழுதினார். உறவினர்கள் முகவாதம் என்று முடிவு கட்டினார்கள். முகவாதத்தில் தசை செயலிழந்து தொங்கும். எனக்கோ தசை கேட்காமலே வேலை செய்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துடிப்பு வந்து கண் மூடிய நொடியில், "புருவத்தைப் பாருங்கள்" என்று கைக்கண்ணாடியை நீட்டினார். கண் இறுக மூடியிருக்க, அதே பக்கப் புருவம் மேலே ஏறி நின்றது. வேண்டுமென்று முயன்றால் இப்படிச் செய்வது கடினம்; நீங்களே செய்து பாருங்கள். முகத்தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பு மூளைத்தண்டிலிருந்து வெளிவரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்துவதே பெரும்பாலும் காரணம் என்றார். கட்டி எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்த எம்.ஆர்.ஐ. எடுத்தோம். குழாய்தான்.

முதலில் மாத்திரை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைனில் துடிப்பு கொஞ்சம் குறைந்தது, தூக்கம் நிறைய வந்தது. பணம் எண்ணுகிறவளுக்கு அது ஒத்துவராது. விட்டாயிற்று.

பிறகுதான் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் இந்த ஊசி. 1989இல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்ததே மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். அழகுக்கான அனுமதி பின்னால் வந்தது. குப்பியின் அடியில் மருந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. உப்புநீர் விட்டுக் கரைத்து, மெல்லிய ஊசியால் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் சிறு சிறு சொட்டாகப் போடுவார்கள். கண்ணருகே எறும்புக்கடி போலத்தான் இருக்கும்; மேலுதட்டுக்கு அருகில் போடும்போது மட்டும் கண்ணில் நீர் வந்துவிடும். வீட்டுக்கு வந்த அன்றே பலனைத் தேடாதீர்கள். மூன்று நான்கு நாளில் துடிப்பு தளரும், இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துக் கீழிமை மறுபடி தொடங்கும்.

தொல்லைகளும் உண்டு. ஒருமுறை மேலிமை பாதிக் கண்ணை மூடியபடி சில வாரம் தொங்கியது. இன்னொருமுறை வாயோரத்தில் அளவு கூடிவிட்டது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் பக்கவாட்டில் ஒழுகும், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். வெளியில் சாப்பிடுவதை அப்போது நிறுத்திவிட்டேன். இரண்டும் மருந்தின் வேகம் குறையக் குறையச் சரியாகிவிட்டன. அதன் பிறகுதான் எந்தப் பெயர் மருந்து, எந்தப் புள்ளியில் எத்தனை யூனிட் என்று எழுதி வாங்கத் தொடங்கினேன். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல. மருந்தை மாற்றினால் கணக்கும் மாறும் என்பதை எனக்கு முதலில் ஊசி போட்ட இடத்தில் யாரும் சொல்லவில்லை. இப்போதைய மருத்துவர் முகப்படம் ஒன்றை வரைந்து புள்ளிகளைக் குறித்துவைக்கிறார். வாயோரத்தில் மிகக் குறைவாகப் போட்டு, அங்கே மிச்சமிருக்கும் சிறு துடிப்பை அப்படியே விட்டுவிடுகிறோம். சிரிப்பு கோணாமல் இருப்பது எனக்கு அதைவிட முக்கியம்.

செலவு பெரிய விஷயம். முழுக் குப்பியும் எனக்குத் தேவைப்படாது, ஆனால் திறந்த குப்பியை அடுத்த முறைக்கு வைக்க முடியாது. அதனால் இதே ஊசி தேவைப்படும் வேறு சிலரையும் அதே நாளில் வரச்சொல்லி, செலவைப் பகிர்ந்துகொள்ள வைக்கிறார் மருத்துவர். வீட்டில் விசேஷம் என்றால் இரண்டு மூன்று வாரம் முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. முந்தின நாள் போட்டால் புகைப்படத்தில் ஊசி போட்ட இடத்தின் நீலம்தான் விழும்.

அறுவை சிகிச்சையும் இருக்கிறது. பீட்டர் ஜனெட்டா என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் தொடங்கி வளர்த்தெடுத்த முறை: காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு திறப்பு வைத்து, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் இடையே டெஃப்லான் துண்டை வைக்கிறார்கள். பெரும்பாலோருக்குத் துடிப்பு நின்றுவிடுகிறது. சிலருக்கு நிற்கச் சில மாதம் ஆகும். அந்தப் பக்கக் காது கேளாமல் போகும் அபாயமும் உண்டு. இளவயதினர் இதைப் பற்றி நன்றாக விசாரிக்க வேண்டும். ஆயுள் முழுவதும் ஊசிக்குச் செலவழிப்பதைவிட அது மேலாக இருக்கலாம். நான் பணி ஓய்வு வரை ஊசியோடு ஓட்டுவதாக இருக்கிறேன். அதற்குப் பிறகு ஓய்வூதியத்தில் இது கட்டுப்படியாகுமா என்பதை வைத்து மறுபடி யோசிப்போம் என்று மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன்.